மகளிர் உரிமைத் தொகை: ஒரு மதிப்பீடு

ஏழைக் குடும்பங்களுக்கு உதவியைப் பொருளாகத் தருவதா, பணமாகத் தருவதா என்ற வழக்கு பழையது. எந்தத் திட்டத்தையும் எடைபோட ஒரே அளவுகோல் போதும்: உதவி வந்தபின் அந்தக் குடும்பம் தானே முடிவெடுக்கும் எல்லை விரிந்ததா?

2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கிய தமிழ்நாடு அரசின் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம், இந்த அளவுகோலில் பெருமளவு தேறுகிறது. முதற்கட்டத்தில் ஏறத்தாழ 1.06 கோடிப் பெண்களின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் சேர்ந்தது. எதற்குச் செலவிட வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. அதைவிட முக்கியம், ரேஷன் அரிசியில் அரசு கைவைக்கவில்லை. மாறாக, 2015-இல் புதுச்சேரி அரிசிக்குப் பதிலாகப் பணம் தந்தது. சந்தை விலை ஏறும்போது ஏற்படும் இழப்பு குடும்பத்தின் தலையில் விழுந்தது. அங்கே 2024-இல் ரேஷன் கடைகள் மீண்டும் திறக்கப்பட்டன. அரிசி உறுதியாகக் கிடைக்கும் இடத்தில்தான் கையில் வரும் பணம் சுதந்திரம் ஆகிறது.

பயனாளித் தேர்வு முறையோ அவ்வளவு தெளிவானதல்ல. ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கருக்குள், புன்செய் 10 ஏக்கருக்குள், ஆண்டு மின்நுகர்வு 3,600 யூனிட்டுக்குள் என்பவை தொடக்க விதிகள். நிலத்தையும் மின்நுகர்வையும் ஆவணத்தில் சரிபார்க்கலாம். உள்ளூர்ச் செல்வாக்குக்கு இடம் குறைகிறது. ஆனால் கூலி வேலை கிடைக்கும் மாதத்துக்கும் கிடைக்காத மாதத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஆண்டுக் கணக்கு காட்டாது. ஒரே மீட்டரில் வாழும் கூட்டுக் குடும்பம் ஏழையாக இருந்தும் வரம்பைத் தாண்டலாம். ஒரு குடும்ப அட்டைக்கு ஒருவர் என்பதால், ஒரே அட்டையில் உள்ள இரு மருமகள்களில் ஒருவருக்குக் கிடைத்தால் மற்றவருக்கு இல்லை. அரிசியை எல்லா அரிசி அட்டைதாரருக்கும் பொதுவாக வைத்த மாநிலம் பணத்தில் மட்டும் வடிகட்டுவது கொள்கை முரண். எனினும் 1.06 கோடிப் பேருக்கே ஆண்டுக்கு 12,720 கோடி ரூபாய் ஆகும்போது, அந்தத் தயக்கத்தைப் புரிந்துகொள்ளலாம்.

பெரிய குறை வேறு. திட்டத்தைத் தொடங்கியபோது, தொகை விலைவாசிக் குறியீட்டோடு இணைக்கப்படவில்லை. விலை ஏற ஏற 1,000 ரூபாயின் வாங்கும் திறன் தேயும். உயர்வு சட்டப்படி வராமல் அரசியல் அறிவிப்புக்குக் காத்திருக்கும்.

ஆக, வடிவமைப்பில் வெற்றி. தேர்வு முறையில் பாதித் தேர்ச்சி. நீடிப்புக்கான உத்தரவாதத்தில் தோல்வி. குறியீட்டு இணைப்பையும், தேர்வில் விடுபட்டவர்களின் மேல்முறையீட்டு உரிமையையும் சட்டமாக்காதவரை, இது நல்ல திட்டம்தான், உரிமை அல்ல.