பக்கத்து சீட்டில் யார்?

"பசங்கன்னா அப்படித்தான்." டீன் ஏஜ் பையன்களின் வேகத்துக்கும் விபத்துக்கும் இந்த ஒரு வரியிலேயே விளக்கம் சொல்லி முடித்துவிடுகிறோம். ஆய்வுகளும் இதை ஓரளவு ஆதரிக்கின்றன. ஜேம்ஸ் பர்ன்ஸ் குழு 1999-ல் 150 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. 16 வகை ரிஸ்க்குகளில் 14-ல் ஆண்கள்தான் முன்னால் நின்றார்கள். ஆனால் அதே கட்டுரை இன்னொன்றும் சொல்கிறது: இந்த இடைவெளி வயதுக்கும் சூழலுக்கும் ஏற்ப மாறுகிறது, காலப்போக்கில் குறைந்தும் வருகிறது. இந்தப் பாதி பலர் கண்ணில் படுவதில்லை.

சூழல் என்றால் என்ன? இதற்கு நான் திரும்பத் திரும்பப் படிக்கும் ஆய்வு ஒன்று உண்டு. 2005-ல் புரூஸ் சைமன்ஸ்-மார்ட்டன், நீல் லெர்னர், ஜெரமையா சிங்கர் ஆகியோர் அமெரிக்காவில் செய்தது. அங்கே பல மாணவர்கள் ஸ்கூலுக்கே கார் ஓட்டிக்கொண்டு வருவார்கள். 10 உயர்நிலைப் பள்ளிகளின் பார்க்கிங்கிலிருந்து கார்கள் வெளியே வரும்போது, ஓட்டுவது யார், கூட இருப்பது யார் என்று குறித்துக்கொண்டார்கள். கொஞ்சம் தள்ளி, ரோட்டில் வேகத்தையும் முன்னால் போகும் வண்டியோடு விடும் இடைவெளியையும் அளந்தார்கள்.

பக்கத்தில் ஒரு பையன் இருந்தால், ஓட்டுவது பையனோ பெண்ணோ, இடைவெளி குறைந்தது. பையன் ஓட்டி, பக்கத்தில் பெண் இருந்தால் இடைவெளி கூடியது! அப்படியானால் ஆண்-பெண் வித்தியாசம் ஸ்டியரிங் பிடித்தவரிடம் மட்டும் இல்லை. பக்கத்து சீட்டிலும் இருக்கிறது.

இதன் பலம், யாரிடமும் கேள்வித்தாள் நீட்டாதது. கேட்டால் பையன் பெருமைக்குக் கூட்டிச் சொல்லலாம், பெண் பயந்து குறைத்துச் சொல்லலாம். ரோட்டில் அளந்த வேகத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை.

பலவீனமும் அங்கேயே இருக்கிறது. யார் யாருடன் ஏறுவது என்பதை ஆய்வாளர்கள் தீர்மானிக்கவில்லை. நிதானமாக ஓட்டுகிற பையனின் காரில்தான் பெண்கள் ஏறுகிறார்களோ என்னவோ! அப்படியென்றால் நாம் பார்ப்பது தாக்கம் அல்ல, தேர்வு.

அதே 2005-ல் வந்த மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பர்க் ஆய்வு இங்கே உதவுகிறது. 306 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலரைத் தனியாகவும் சிலரைச் சமவயதினர் இருவர் முன்னிலையிலும் கார் விளையாட்டு ஆட வைத்தார்கள். ஆள் இருந்தபோது டீன் ஏஜ் பிள்ளைகள் கூடுதல் ரிஸ்க் எடுத்தார்கள். 24 வயது தாண்டியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. ஆனால் அது கம்ப்யூட்டர் கேம், யாரும் சாகப்போவதில்லை. டெஸ்ட் சர்வரில் ஒன்று, லைவ் சர்வரில் ஒன்று. இரண்டிலும் ஒரே பக் வந்தால் நான் அதை நம்பத் தொடங்குவேன்.

சுபாவம் என்று சொல்லிவிட்டால் நாம் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. பக்கத்து சீட்டு என்றால் இருக்கிறது. அமெரிக்காவில் பல மாநிலங்கள் புதிதாக லைசென்ஸ் வாங்கிய சிறுவர்கள் எத்தனை பேரை ஏற்றலாம் என்று வரம்பு வைத்திருப்பதற்கு இந்த வகை ஆய்வுகள் நல்ல நியாயம். சாவியைக் கொடுக்கும்போது "மெதுவா போ" என்பதோடு, "கூட யாரெல்லாம் வர்றாங்க?" என்றும் கேளுங்கள்.