விரிவுரையாளர் பயிற்சியும் விளக்கும் மொழியும்

1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, உயர்கல்வி ஆசிரியர்க்கும் பணிப்பயிற்சி வேண்டும் என வற்புறுத்தியது. அதன் பயனாகப் பல்கலைக்கழக மானியக் குழுவின் உதவியுடன் கல்விப் பணியாளர் கல்லூரிகள் தோன்றின. புதிய விரிவுரையாளர்க்கு நான்கு வார அறிமுகப் பயிற்சியும் ஏனையோர்க்குத் துறைசார் புத்தொளிப் பயிற்சியும் வகுக்கப்பட்டன. இவை 2015இல் மனிதவள மேம்பாட்டு மையங்கள் என்றும், 2023இல் மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையங்கள் என்றும் பெயர் பெற்றன. பெயர் மாறினும், கற்பித்தல் எல்லாத் துறைக்கும் பொதுவான திறன் என்னும் அறிமுகப் பயிற்சியின் அடிப்படைக் கருத்து மாறவில்லை. அது மொழியியலுக்குப் பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1960களில் உருவான நுண்ணிலைக் கற்பித்தலை நோக்குவோம். பயிற்சி பெறுபவர் சில நிமிடம் பாடம் நடத்துவார். உடனிருப்போர் நிறைகுறை கூறுவர். முறை நன்றே. ஆயினும் பல துறையினர் கலந்த அவையில் குரல், கரும்பலகை, நேரம் ஆகியவற்றையே மதிப்பிட இயலும். எடுத்துக்காட்டுப் பொருந்துமா என்று கேட்க அங்கு ஆளில்லை.

ஒலியன் பற்றிய பாடத்தைக் காண்க. ஆங்கில நூல்களைப் பின்பற்றி, 'பின்', 'ஸ்பின்' என்னும் ஆங்கிலச் சொற்களின் பகர வேறுபாட்டைக் காட்டுவது வழக்கம். முன்னதில் மூச்சொலி உண்டு, பின்னதில் இல்லை. தமிழர் பேசும் ஆங்கிலத்திலோ பெரும்பாலும் இரண்டிலும் அது இல்லை. மாணவர் தம் செவியும் நாவும் அறியாத வேறுபாட்டை மனப்பாடம் செய்கின்றனர். கலைச்சொல் தமிழாயிற்று, எடுத்துக்காட்டு ஆங்கிலமாகவே நின்றுவிட்டது. (மொழிபெயர்ப்பாளர்க்கு இது புதிதன்று.)

மாறாக, 'பல்', 'கம்பு' ஆகியவற்றை ஒலித்துப் பார்க்கச் சொன்னால், ஒலிப்பிலாப் பகரமும் ஒலிப்புடைப் பகரமும் துணைநிலை வழக்கில் வருதலை மாணவரே உணர்வர். உடனே ஒருவர் தடை எழுப்புவார்: தீவினையைக் குறிக்கும் 'பாவம்', மெய்ப்பாட்டைக் குறிக்கும் 'பாவம்' இரண்டும் இன்று பலர் பேச்சில் முதலொலியால் வேறுபடுகின்றனவே, 'பஸ்' என்பதிலும் ஒலிப்புடைப் பகரம் மொழிமுதலில் வருகிறதே என்பார். உண்மையில் பாடம் தொடங்குவது இங்குதான். கடன்சொற்கள் ஒலியன் அமைப்பை எந்த அளவு மாற்றும், எழுத்தும் ஒலியனும் ஒன்றா என்பன அடுத்தடுத்து எழும் வினாக்கள். இத்தடையை எதிர்பாராத விரிவுரையாளர், "அது வடசொல்" என்று கூறி மேலே சென்றுவிடுவார். நான்கு வாரப் பொதுப்பயிற்சி அவரை இதற்கு ஆயத்தப்படுத்துவதில்லை.

முதுகலை மாணவர் நிலையும் இதுவே. 1989 முதல் நடைபெறும் தேசியத் தகுதித் தேர்வு கற்பித்தல் நாட்டத்தையும் சோதிக்கிறது. ஆனால் விடையைத் தெரிவுசெய்ய வாய் திறக்க வேண்டியதில்லை. மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு முனைவர் பட்ட விதிமுறைகள், ஆய்வாளர்க்குக் கற்பித்தல் பயிற்சியை வேண்டுவதோடு, வாரம் 4 முதல் 6 மணி நேரம் கற்பித்தல் அல்லது ஆய்வு உதவிப் பணி அளிக்கவும் இடம் தருகின்றன. இந்நேரம் விடைத்தாள் திருத்தலிலேயே கழியாமல், ஆய்வாளர் ஒரே கருத்தைத் தமிழ்த் தரவு கொண்டு சிறு குழுவிற்கு விளக்க, அதே துறையின் மூத்த ஆசிரியர் உடனிருந்து கேட்டு, எழுந்த தடைகளைக் குறித்துக்கொண்டு மறுவாரம் விவாதித்தல் வேண்டும். இதற்குத் தனி மையமோ தனி நிதியோ தேவையில்லை. மூத்த ஆசிரியரின் கால அட்டவணையில் ஒரு மணி நேரம் தேவை.