400 தபால் பெட்டிகள்

சோனியின் கேம் இயந்திரமான பிளேஸ்டேஷன் 4 புரோ 2016 நவம்பரில் வந்தது. அதன் கிராபிக்ஸ் சிப்பைத் தலைமை வடிவமைப்பாளர் மார்க் செர்னி அமைத்த விதத்தை இன்று நினைத்தாலும் மனம் நிறைகிறது. 2013-இல் வந்த மூல பிளேஸ்டேஷன் 4-இல் 18 கணிப்பு அலகுகள். அவற்றின் பிரதிபிம்பமாக, பக்கத்திலேயே இன்னொரு 18. பட்டாம்பூச்சியின் சிறகுகள் மாதிரி என்றார் செர்னி. பழைய கேம் ஓடினால் ஒரு சிறகு அணைந்துவிடும், மற்றது ஏறக்குறைய பழைய வேகத்துக்கு இறங்கிவிடும். அதற்குள் வெளியாகியிருந்த சுமார் 700 கேம்களில் எதற்கும் இடம் மாறியதே தெரியாது. இருக்கும் பலத்தை அடக்கிக்கொள்ளவும் தெரிந்த இயந்திரம் அது!

4கே திரையில் 80 லட்சத்துக்கும் அதிகமான புள்ளிகள். அத்தனையையும் ஒவ்வொரு முறையும் வரைய புரோவுக்கு வலு போதாது. அதனால் சதுரங்கக் கட்டங்களாகப் பிரித்து, ஒரு ஃபிரேமில் பாதி, அடுத்ததில் மறுபாதி. விடுபட்டவை முந்தைய ஃபிரேமிலிருந்து வரும். எந்தப் புள்ளி எந்தப் பொருளைச் சேர்ந்தது என்று குறித்துவைக்கவே சிப்பில் தனி ஏற்பாடு. 'ஹொரைசன் ஸீரோ டான்' கேமில் நாயகி அலாயின் செம்பட்டைக் கூந்தல் காற்றில் பிரிந்து பறக்கும்போது, அதில் பாதி போன ஃபிரேமிலிருந்து வாங்கியது என்று சோஃபாவில் சாய்ந்திருப்பவர் யாரும் சொல்லிவிட முடியாது. எனக்கு இது முழுதாக வரைவதைவிட உயர்ந்த கலையாகவே படுகிறது.

ஆனால் சேமிப்புக்குப் புரோவிலும் சுழலும் ஹார்ட் டிஸ்க்தான். 2018-இல் வந்த 'ஸ்பைடர்-மேன்' கேமில் சில தரவுகள் டிஸ்க்கில் 400 முறை பதியப்பட்டிருந்தன. தெருவுக்குத் தெரு நிற்கும் தபால் பெட்டியை ஒரே இடத்தில் வைத்தால், டிஸ்க்கின் முள் அதைத் தேடி ஓடுவதற்குள் நாயகன் தெருவைத் தாண்டிவிடுவான். ஆகவே ஒவ்வொரு தெருவின் தரவோடும் ஒரு தபால் பெட்டி. சிப்பை எத்தனை மடங்கு பெருக்கினாலும் இந்தப் பாடு தீராது.

அதைத் தீர்த்தது 2020-இன் பிளேஸ்டேஷன் 5. பழைய டிஸ்க்கில் நொடிக்கு 100 மெகாபைட் வந்தாலே அதிகம். இதன் எஸ்எஸ்டியில் 5.5 ஜிகாபைட். ஒரு தபால் பெட்டி போதும், கேட்ட கணத்தில் வந்து நிற்கும். புதிய தலைமுறை என்று நான் மனமார ஒப்புக்கொள்வது இந்த மாற்றத்தைத்தான். ஏனென்றால் கிராபிக்ஸ் சிப்பின் கணிப்பு அலகுகளை எண்ணினால் அதிலும் புரோவின் அதே 36தான். புரோவின் கேம்கள் வந்தால் புரோவாகவே நடந்துகொள்ளும் முறையும் அதற்குள் இருக்கிறது.