புளியிலை மடியும் நேரம்

ஜவ்வாது மலைக்கு வருகிறவர்கள் பீமன் அருவியைப் பார்ப்பார்கள், காவலூரில் தொலைநோக்கியைப் பார்ப்பார்கள். ஜமுனாமரத்தூர் பக்கத்துப் புளியமரத்தை அண்ணாந்து பார்க்க யாருக்குத் தோன்றும்? பொழுது சாயும்போது பார்க்க வேண்டும். பகலெல்லாம் விரிந்து கிடந்த சிற்றிலைகள், ஜோடி ஜோடியாகக் கைகூப்பினாற்போல ஒட்டிக்கொள்கின்றன. அசைவு கண்ணுக்குச் சிக்காது. நிழல் மெலிந்து, கிளைகளுக்கிடையே வானம் கூடிவிட்டதை வைத்துத்தான் தெரியும். ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும் மிகச் சிறிய புடைப்பு ஒன்று இருக்கிறது. அதன் ஒரு பக்கத்துச் செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியேற, பின்னாலேயே தண்ணீரும் போகிறது. அந்தப் பக்கம் தளர்கிறது, எதிர்ப்பக்கம் விறைக்கிறது, இலை மடிகிறது. தசையும் கிடையாது, நரம்பும் கிடையாது. இதன் உறவான தொட்டாற்சிணுங்கியை இருட்டறையில் வைத்தாலும், சில நாட்களுக்கு வேளை தவறாமல் மடிந்து விரியும். கடிகாரம் உள்ளேயே ஓடுகிறது.

காயில் நடப்பது இதைவிடப் பொறுமையான வேலை. பல பழங்கள் பழுக்கும்போது புளிப்பைச் செலவழித்துவிடும். புளி அப்படியல்ல, சர்க்கரை ஏறிக்கொண்டே போனாலும் டார்டாரிக் அமிலத்தை விட்டுக்கொடுப்பதில்லை. கூடவே தண்ணீர் வற்றி, சதை சுருங்கி ஓட்டை விட்டு விலகுகிறது. மாசி, பங்குனியில் ஒரு பழத்தை எடுத்துக் காதருகே ஆட்டிப் பாருங்கள், கடகடக்கும். விரலால் லேசாக அழுத்தினால் போதும், ஓடு மொறுக்கென்று நொறுங்கும்.