புகழ்மொழியான வசைச்சொல்

2024 யூலை 21 இல் பைடன் தேர்தற் போட்டியிலிருந்து விலகிய கையோடு, பிரித்தானியப் பாடகி சார்ளி எக்ஸ்சிஎக்ஸ் கமலா ஹரிஸை 'பிராற்' என்று போற்றினார். அடங்காப் பிள்ளையைக் கடியும் அச்சொல், அவ்வாண்டு யூனில் அவரது இசைத்தொகுப்பின் பெயராகிக் கட்டற்ற துணிவைக் குறிக்கலாயிற்று. ('குறும்புக்காரி' என்று தமிழிற் பெயர்த்தால் அதன் காரம் போய்விடும்.) ஹரிஸின் பிரசாரக் குழுவோ தன் சமூக ஊடகப் பக்கத்துக்குத் தொகுப்பின் உறைப்பச்சையையே பூசிக்கொண்டது.

கொச்சைமொழி உயிர்ப்பது அதிகாரத்தை எள்ளும்போதே. உப ஜனாதிபதியே, அதிலும் கலிபோர்னியாவின் முன்னாள் சட்டமா அதிபர், அதனை அணிகையில் எள்ளல் விளம்பரமாகிறது. பாடகி மெச்சியது தோரணையை, கொள்கையை அன்று. அவ்வாண்டு காஸாவுக்காகப் பல்கலைக்கழக வளாகங்களிற் கூடாரமடித்த மாணவரின் கேள்விக்கு அப்பச்சையில் இடமிருக்கவில்லை.