வசூல் கணக்கும் வாய்ப்பூட்டும்

மேலைநாட்டில் ராக் இசைக்குழுக்களின் ரசிகர்கள் நடத்திய இதழ்கள் இன்று ஆய்வுப் பொருளாகிவிட்டன. நம் ஊரில் அதற்கு நிகரானது நடிகர்களின் ரசிகர் மன்ற இதழ். அதை வெறும் துதி என்று படித்தவர்கள் ஒதுக்குகிறார்கள். பழைய ரசிகர்களோ பொற்காலம் என்று கண் கலங்குகிறார்கள். இரண்டுமே அந்த இதழ்களைப் புரட்டிப் பார்த்துச் சொல்லும் முடிவு இல்லை.

மல்லாங்கிணறு, அருப்புக்கோட்டை, திருச்சுழி என்று நீளும் இந்தக் கரிசல் பூமியில் இருந்துகொண்டு இதை எடைபோடக் காரணம் உண்டு. 1967இல் பக்கத்து விருதுநகரில் காமராஜர் 1,285 ஓட்டில் தோற்றார். 1977இல் அருப்புக்கோட்டையில் நின்று ஜெயித்துத்தான் எம்.ஜி.ஆர் முதலமைச்சரானார். சிவாஜி ரசிகர் என்றால் காமராஜர் பக்கம், எம்.ஜி.ஆர் ரசிகர் என்றால் முதலில் உதயசூரியன், பிறகு இரட்டை இலை என்று டீக்கடை பெஞ்சு வரை பிரிந்து கிடந்த சீமை இது. சுவரொட்டியும் காலண்டரும் அச்சடித்துக் குவித்த சிவகாசியும் இதே மாவட்டம்தான்.

முதலில் இந்த இதழ்களுக்குச் சேர வேண்டிய வரவை வைப்போம். கிளை மன்றத் திறப்பு விழா, தலைவர், செயலாளர், பொருளாளர் பெயர்கள், பிறந்தநாளுக்கு வழங்கிய வேட்டி சேலை, தண்ணீர்ப் பந்தல் என்று பக்கம் பக்கமாகச் செய்திகள் வந்தன. ரேஷன் கார்டையும் வாக்காளர் பட்டியலையும் தவிர வேறெங்கும் பெயர் அச்சேறாத தறிக்காரருக்கும் சம்சாரிக்கும் இது சாதாரண விஷயமா? தன் பெயரைத் தேடிப் படித்தவர் பக்கத்துச் செய்தியையும் படித்தார். அடுத்த இதழுக்குக் கடிதம் எழுதினார். பள்ளிக்கூடத்தைப் பாதியில் கைவிட்ட பலரை எழுத்தோடு மறுபடி சேர்த்து வைத்ததில் இந்த இதழ்களுக்குப் பங்கு உண்டு. அதைக் குறைத்துப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

இன்னொன்று வசூல் கணக்கு. எந்தக் கொட்டகையில் எத்தனை நாள், எவ்வளவு ரூபாய் என்று ஊர்வாரியாக இரு தரப்பும் நோட்டீஸும் இதழும் அச்சிட்டு மோதின. அன்றைய தமிழ்ப் பட வணிகத்துக்குப் பொதுவான பதிவேடு எதுவும் கிடையாது. இந்தச் சண்டைக் காகிதங்களே பெரும்பகுதி ஆதாரம். ஆனால் கட்சி கட்டியவர்கள் எழுதிய கணக்கு அது. எதிரெதிர் மன்றங்களின் எண்கள் ஒத்துப்போகும் இடத்தில் மட்டும் ஓர் ஆய்வாளர் அதை நம்பலாம்.

இனி பற்று. ஒரு படம் ஏன் தோற்றது என்று இவை பெரும்பாலும் கேட்டதில்லை. கேட்டாலும் விநியோகஸ்தரின் சதி, எதிர்த் தரப்பின் வேலை என்றுதான் பதில் வரும். நடிகரின் முகத்தைப் பற்றி நூறு பக்கம் எழுதியவர்கள் ஒளிப்பதிவைப் பற்றி, வசனத்தைப் பற்றி, ஏன், அந்த நடிப்பைப் பற்றியே கூட நுணுகி எழுதவில்லை. சிவாஜி போன்ற ஒரு கலைஞன் கிடைத்தும் இப்படி நடந்ததுதான் என்னை உறுத்துகிறது. 1969இல் அகில இந்திய சிவாஜி மன்றத்தைத் தொடங்கி ‘சிவாஜி ரசிகன்’ இதழை நடத்தியவர் சின்ன அண்ணாமலை. 1942இல் திருவாடானைச் சிறையை மக்களே உடைத்து மீட்ட தியாகி. ‘தமிழ்ப் பண்ணை’ பதிப்பகம் நடத்தி நல்ல நூல்களைத் தந்தவர். அவரைப் போன்ற ஒருவர் கையிலும் அந்த வகை இதழ் திறனாய்வு இதழாக மாறவில்லை என்றால், குறை ஆளிடம் இல்லை. அந்த வகையிடமே இருக்கிறது.

1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர் தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டதும் அவருடைய மன்றங்கள் ஒரே வீச்சில் புதுக் கட்சியின் கிளைகளாயின. அதன்பின் படத்தில் குறை சொல்வது துரோகமாகிவிட்டது. இன்னொரு குறை இதைவிட ஆழமானது. எம்.ஜி.ஆரைத் தாங்கிய கூட்டத்தில் பெண்களுக்குப் பெரும்பங்கு என்பது ஊரறிந்த சேதி. மன்றங்களோ ஏறக்குறைய முழுக்க ஆண்களுடையவை. தரை டிக்கெட்டில் உட்கார்ந்து அழுத, சிரித்த பெண் அந்தப் படத்தில் என்ன கண்டாள் என்று இவர்களின் இதழ் ஒருபோதும் கேட்டு எழுதவில்லை.

ரசிகர் இதழ் என்றாலே இப்படித்தான் என்று சொல்ல முடியாது. 1963 ஆகஸ்டு முதல் 1969 டிசம்பர் வரை 77 இதழ்கள் வந்த பீட்டில்ஸ் மாத இதழ், குழுவின் சம்மதத்தோடு நடந்தது. அதனால் நம் மன்ற இதழ்களுக்கு அது நெருங்கிய உறவு. ஆனால் 1976இல் லண்டனில் மார்க் பெர்ரி என்ற வங்கி எழுத்தர் நகலெடுத்துத் தொடங்கிய ‘ஸ்னிஃபிங் க்ளூ’ என்ற பங்க் இசை ரசிகர் இதழ் யாருடைய அனுமதியையும் கேட்கவில்லை. தான் கொண்டாடிய ‘தி கிளாஷ்’ குழு 1977இல் பெரிய நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டதும், பங்க் இசை அன்றே செத்துவிட்டது என்று அறிவித்தவர் பெர்ரி. பிரியம் இருந்ததால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

நம்மிடமும் அந்தக் கண்டிப்பு இருந்தது, வேறு வீட்டில். 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’, 2,000 பிரதிக்கு மேல் அச்சிடுவதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டு, இலக்கியத்தைத் தயவு தாட்சண்யம் இன்றி அலசியது. விமர்சனம் தெரிந்த இதழுக்கு ஜனம் இல்லை. ஜனம் இருந்த இதழுக்கு விமர்சனம் இல்லை. இரண்டும் ஒரே காலத்தில், ஒரே மொழியில், ஒன்றையொன்று ஏறிட்டும் பாராமல் நடந்தன. இதில் பாதிப் பழி சிற்றிதழ்க்காரர்களுக்கும் உண்டு.

என் தீர்ப்பு இது: ரசிகர் மன்ற இதழ் வாசகர்களை உண்டாக்கியது, அவர்கள் தீர்ப்புச் சொல்லும் வாயைப் பூட்டியது. திறனாய்வு என்ற அளவில் அது தோல்வி. மக்கள் வரலாற்று ஆவணம் என்ற அளவில் அதற்கு மாற்று இல்லை. எனவே, மல்லாங்கிணற்றிலோ காரியாபட்டியிலோ யார் வீட்டுப் பரணிலாவது பழைய மன்ற இதழ்களும் வசூல் நோட்டீஸ்களும் கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குத் தெரியப்படுத்துங்கள். பாட்டுப் புத்தகத்தையும் சினிமா நோட்டீஸையும் மதித்துக் காக்கும் இடம் அது.