கேப்டன் கரையைப் பார்த்த பிறகு

மென்பொருள் வேலையில் ஆர்.சி.ஏ. என்று ஒன்று உண்டு. ரூட் காஸ் அனாலிசிஸ். நள்ளிரவில் சர்வர் படுத்துவிட்டால், மறுநாள் எல்லோரும் உட்கார்ந்து 'ஏன் படுத்தது, அது ஏன் நடந்தது, அதற்கும் பின்னால் என்ன' என்று கேட்டுக்கொண்டே போவோம். சில சமயம் மூன்றாவது 'ஏன்' வருவதற்குள் கடைசியாகக் கை வைத்த ஜூனியர் பையன் தலையில் பழியைப் போட்டு டிக்கெட்டை மூடிவிடுவார்கள். மத்தேயோ கரோனேயின் 'இயோ கபித்தானோ' (2023) படத்தை இரண்டாம் முறை பார்த்தப்போ எனக்கு அந்தக் கூட்டங்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன.

செனகல் தலைநகர் டக்காரில் இருக்கும் செய்டு, மூசா என்ற இரண்டு பதினாறு வயதுப் பையன்களின் கதை இது. ஒன்றுவிட்ட சகோதரர்கள். வீட்டுக்குத் தெரியாமல் கட்டட வேலை பார்த்துக் காசு சேர்க்கிறார்கள். செய்டு அம்மாவிடம் மெல்லப் பேச்செடுக்கிறான். அவள் கொதித்துப்போகிறாள். 'சும்மா சொன்னேன்மா' என்று சமாளித்துவிட்டு, பிறகு ஒரு விடியலில் சொல்லாமல் கிளம்பிவிடுகிறான். மாலி, நைஜர், சஹாரா, லிபியா. பாலைவனத்தில் பிக்கப் வண்டியிலிருந்து ஒருவன் விழுகிறான், வண்டி நிற்பதில்லை. லிபியாவில் வீட்டு எண்ணைக் கொடு என்று சொல்லிச் சித்திரவதை. செய்டு அடிமையாக விற்கப்படுகிறான். கடைசியில் படகுக்குக் கொடுக்கக் காசு போதாததால், கடலே தெரியாத அவனையே படகோட்டச் சொல்கிறான் தரகன். நூற்றுக்கணக்கான பேரோடு ஒரு துருப்பிடித்த படகை அவன் இத்தாலிக் கரை தெரியும்வரை ஓட்டி வருகிறான். தலைக்கு மேல் ஹெலிகாப்டர். 'நான்தான் கேப்டன்' என்று கத்துகிறான். படம் முடிகிறது.

கரோனே இதைப் பரிதாபப் படமாக எடுக்கவில்லை, சாகசக் கதையாக எடுத்திருக்கிறார். பெரும்பாலும் வோலோஃப் மொழியில்தான் பேசுகிறார்கள். ஐரோப்பியக் கேமரா வழக்கமாகப் படகைக் கரையிலிருந்து பார்க்கும். இங்கே படகிலிருந்து கரையைப் பார்க்கிறோம். வெனிஸ் விழாவில் சிறந்த இயக்கத்துக்கான வெள்ளிச் சிங்கம் கிடைத்தது. செய்டுவாக நடித்த செய்டு சாருக்கும் விருது. இரண்டுமே தகும்.

என் பிரச்சினை அந்தக் கடைசி ஷாட்டில்தான். கினி நாட்டைச் சேர்ந்த ஒரு பையன் பதினைந்து வயதில் 250 பேரை உயிரோடு கொண்டுவந்து சேர்த்த நிஜக் கதையும் இந்தப் படத்துக்கு ஒரு மூலம். அந்தப் பையன் இத்தாலியில் கைது செய்யப்பட்டான். ஏனென்றால் அங்கே சட்டத்தின் கண்ணில் படகின் சுக்கானைப் பிடித்தவன் ஆள்கடத்துபவன். 2023 பிப்ரவரியில் குத்ரோ கடற்கரைக்கு அருகே படகு உடைந்து 90 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குப் பிறகு வந்த அவசரச் சட்டம், இப்படி உயிர்கள் போனால் 30 ஆண்டு வரை சிறை என்று தண்டனையைக் கூட்டியது. அதாவது மூன்றாவது 'ஏன்'-க்கு முன்பே ஜூனியர் பையனைப் பிடித்தாயிற்று, டிக்கெட் மூடியாயிற்று. தரகன் லிபியாவில்தான் இருக்கிறான். இவ்வளவு தூரம் செய்டு கூடவே வந்த கேமரா, அவன் கையில் விலங்கு விழப்போகும் இடத்துக்கு ஒரு மைல் முன்னால் இறங்கிக்கொள்கிறது. நாம் கைதட்டிவிட்டு எழுந்து போகிறோம்.

இன்னொன்று. 2024இல் இந்தப் படத்தைச் செனகலுக்குக் கொண்டுபோய் ஊர் ஊராகத் திரையிட்டார்கள். நல்ல காரியம்தான். ஆனால் இப்படிப்பட்ட முயற்சிகளை, 'ஆபத்து தெரிந்தால் போகமாட்டார்கள்' என்ற எண்ணத்தோடு பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாதா என்ன? இந்தப் பயணத்துக்கு வோலோஃபில் ஒரு சொலவடையே இருக்கிறது: 'பார்சா வாலா பார்சாக்'. பார்சிலோனா, இல்லையென்றால் மறுமை. சாவைப் பெயரிலேயே வைத்துக்கொண்டு கிளம்புகிறவனிடம் சாவைப் பற்றி என்ன சொல்லிக்கொடுப்பது? 2020 அக்டோபரில் ம்பூர் நகரிலிருந்து கிளம்பிய ஒரு படகு தீப்பற்றி மூழ்கியது. குறைந்தது 140 பேர் இறந்தார்கள் என்றது ஐ.நா.வின் புலம்பெயர்வு அமைப்பு. 2023இல் ஃபாஸ் போயே என்ற மீனவ ஊரிலிருந்து நூறு பேரோடு போன படகு, ஒரு மாதத்துக்கு மேல் கடலில் மிதந்து கேப் வெர்தே அருகே கிடைத்தபோது 38 பேர்தான் உயிரோடு இருந்தார்கள். இவையெல்லாம் அந்த ஊர்களில் எழவு வீட்டுச் செய்திகள். இருந்தும் கேனரித் தீவுகளுக்குப் படகில் வந்தவர்கள் 2006இல் 31,000க்கு மேல், 2024இல் 46,000க்கு மேல்.

அடுத்த 'ஏன்'-ஐ செனகல்காரர்களே எடுத்த படங்களில் தேடலாம். மூசா தூரேயின் 'லா பிரோக்' (2012) படத்தில் படகோட்டியாக வரும் பாய் லாய், செய்டுவைப் போல இல்லை. கடலைக் கரைத்துக் குடித்த மீனவன். அவனே போக வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அவன் கடலில் மீன் இல்லை. பல ஆண்டுகளாக ஐரோப்பிய, ஆசியக் கப்பல்கள் உரிமம் வாங்கியும் வாங்காமலும் அள்ளிக்கொண்டு போனதன் மிச்சம் அது. ஏழைகள் தின்னும் 'யாபோய்' என்ற சாளை வகை மீன்கூட இன்று அரைபட்டு மீன்தூளாகி வெளிநாட்டு மீன்பண்ணைகளுக்குத் தீனியாகப் போகிறது. செனகலின் மீன்சோறு 'செபு ஜென்' 2021இல் யுனெஸ்கோவின் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. பட்டியலில் இருக்கிறது, சட்டியில்தான் மீன் குறைகிறது. மீன் போன வழியிலேயே மீனவனும் போகிறான். மீனுக்கு மட்டும் விசா தேவைப்படவில்லை.

மத்தி தியோப்பின் 'அட்லாண்டிக்ஸ்' (2019) இன்னும் ஒரு படி உள்ளே போகிறது. டக்கார் கடலோரத்தில் ஒரு பிரம்மாண்டமான கோபுரம் எழும்புகிறது. கட்டுகிற பையன்களுக்கு மாதக்கணக்கில் கூலி பாக்கி. முதல் காட்சியே அந்தத் தகராறுதான். அன்றிரவே சுலைமானும் நண்பர்களும் கடலில் இறங்கிவிடுகிறார்கள். தியோப் படகைக் காட்டுவதே இல்லை. அலையும் தத்தளிப்பும் கிடையாது. காத்திருக்கும் பெண்களையும் கடலையும் மட்டும் மாறி மாறிக் காட்டுகிறார். பிறகு மூழ்கிப்போன பையன்கள் அந்தப் பெண்களின் உடம்பில் ஆவியாக இறங்கி, நள்ளிரவில் முதலாளி வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்து கூலியைக் கேட்கிறார்கள். அவனைக் கொண்டே தங்களுக்குக் குழி வெட்ட வைக்கிறார்கள்.

ஆவிக்கதைதான். ஆனால் நான் பார்த்ததிலேயே நேர்மையான ஆர்.சி.ஏ. இதுதான். படகு ஏன் மூழ்கியது என்று அது கேட்பதில்லை. யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள் என்று கேட்கிறது. செத்தவர்கள் நம் கண்ணீரைக் கேட்டு வரவில்லை, பாக்கியைக் கேட்டு வருகிறார்கள்.

ஆனாலும் கரோனேயின் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. அது முதல் முறை பார்த்தப்போ எனக்குப் பிடிபடவில்லை. செய்டு பட்டினி கிடப்பவன் இல்லை. வீட்டில் அம்மா, தங்கைகள், மேளம், ஆட்டம் எல்லாம் உண்டு. அவனுக்குப் பாட ஆசை. ஐரோப்பாவில் வெள்ளைக்காரர்கள் தன்னிடம் கையெழுத்துக் கேட்பார்கள் என்று கனவு. 'இதுக்குப் போயா உயிரைப் பணயம் வைப்பான்?' என்று எரிச்சலோடு படத்தை நிறுத்தி டீ போடப் போனேன். அடுப்பைப் பற்றவைக்கும்போது உறைத்தது. முப்பது வயதுக்குள் நான் ஜெர்மனிக்கு ஆன்சைட் போனேனே, எதற்குப் போனேன்? எங்கள் வீட்டில் யாரும் பட்டினி இல்லை. பனி பார்க்கணும், நாலு காசு சேர்க்கணும், ஊரில் நாலு பேர் பேசணும். ஒரு ஃபைலில் சம்பள ரசீது, பேங்க் ஸ்டேட்மென்ட், கம்பெனிக் கடிதம். இரண்டு வாரத்தில் விசா. நான் புறப்பட்டதற்கு 'மூல காரணம்' என்ன என்று யாரும் கருத்தரங்கு நடத்தவில்லை. அம்மா முறுக்கு கட்டிக் கொடுத்தாள், அவ்வளவுதான்.

செய்டு பாலைவனத்திலும் லிபியாவிலும் இழந்த காசுக்கு எத்தனையோ விமான டிக்கெட் வாங்கியிருக்கலாம். வாங்கினாலும் கவுண்டரைத் தாண்ட விடமாட்டார்கள். அவனுக்கும் எனக்கும் ஆசையில் வித்தியாசம் இல்லை, ஃபைலில்தான் வித்தியாசம். போக வைத்த காரணம் பாதி என்றால், கதவைச் சாத்திய காரணம் மறுபாதி. முதல் பாதியைத் தியோப்பும் தூரேயும் சொல்லிவிட்டார்கள். மறுபாதியைச் சொல்லக்கூடிய இடத்தில் நின்றவர் கரோனே. அது அவருடைய நாட்டின் சட்டம், அவருடைய நாட்டின் கரை. அந்த இடத்துக்கு வந்ததும் படத்தை முடித்துவிட்டார்.

'நான்தான் கேப்டன்' என்று அந்தப் பையன் கத்துவது எனக்கு முதல் முறை வெற்றி முழக்கமாகக் கேட்டது. இப்போது அது ஒப்புதல் வாக்குமூலம் மாதிரி கேட்கிறது. கரையில் யாரோ அதை எழுதிக்கொண்டிருப்பார்கள்.